ஒரு கை கூடுதலாகப் போட்ட ஐஸ்கிரீம்

ஜப்பானுக்கு ஐஸ்கிரீம் அனுப்பலாம் என்று தம்பி சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அது மே மாதம். எங்கள் கம்பெனியில் ஐஸ்கிரீமை உறையவைக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று. காலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிற்காது. அப்படி ஓடியும் தெற்கே பெரியதாழைக் கடைகளும் மேற்கே கயத்தாறு பேக்கரிகளும் கேட்டதில் பாதிதான் கொடுக்க முடிந்தது.

"ஏலே, இங்கன உள்ளவனுக்கே கொடுக்க முடியல. உனக்கு ஜப்பான் கேக்கோ?" என்றேன்.

"நான் கேக்கலக்கா. அவங்கதான் கேக்காங்க."

நடந்தது இதுதான். ஒரு ஜப்பான்காரப் பெண் தூத்துக்குடிக்கு இறால் பார்க்க வந்திருக்கிறார். ஜப்பானில் பல ஊர்களில் கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குச் சாப்பாட்டுச் சாமான்கள் வாங்குவது அவர் வேலை. இறால் கம்பெனியைப் பார்த்துவிட்டு வெயில் தாங்காமல் கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் கடையில் ஏறியிருக்கிறார். கருப்பட்டி ஐஸ்கிரீம் ஒரு கப் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு இன்னொரு கப் சாப்பிட்டார். மூடியில் இருந்த தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடையில் நின்ற ஆளுக்கு அவர் யார் என்றே தெரியாது. மூன்றாம் நாள் தம்பிக்கு மின்னஞ்சலில் கடிதம் வந்துவிட்டது.

நான் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தினவள். நாசரேத் பக்கத்து ஆட்கள் நாங்கள். வீட்டில் பாதிப்பேர் வாத்தியார்கள். தம்பி மட்டும்தான் தொழில் என்று இறங்கினான். அவன் ஆரம்பத்தில் போட்ட ஐஸ்கிரீமை வாயில் வைத்தால் பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி இருக்கும். மணல் இல்லை, ஐஸ் துகள். ஏன் அப்படி வருகிறது என்று பார்ப்பதற்குக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் வந்தேன். வந்தவள் திரும்பிப் போகவில்லை. கேட்டுக்கு உள்ளே என் பொறுப்பு, வெளியே அவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். வேலை செய்கிறவர்கள் என்னை இன்றைக்கும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கத்தினதைவிட இங்கே அதிகம் கத்துகிறேன், அது உண்மை.

எங்கள் கேட் துறைமுகத்துக்குப் போகிற சாலையைப் பார்த்து இருக்கிறது. நாள் முழுக்கக் கண்டெய்னர் லாரிகள் போகும். குளிர்பெட்டி வைத்த கண்டெய்னர் என்றால் தூரத்திலேயே இரைச்சல் கேட்கும். தம்பி தினமும் பத்து மணிக்குத் தேநீர் டம்ளரோடு கேட்டில் போய் நிற்பான். காற்று வாங்கத்தான் நிற்கிறான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். ஜப்பான் கடிதம் வந்த அன்றுதான், அவன் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பது எனக்கு உறைத்தது. அவ்வளவும் பிறத்தியார் சரக்கு. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. மதுரையைத் தாண்டினால் எங்கள் ஐஸ்கிரீமை யாருக்கும் தெரியாது. அந்த லாரிகளில் ஒன்றிலாவது நம்முடைய கப் போகவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் கிண்டல் பண்ணியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

கடிதத்தில் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். ஒன்று, அந்த அம்மா கடையில் சாப்பிட்ட அதே ஐஸ்கிரீம், மூன்று வெவ்வேறு நாளில் செய்தது, மூன்று சாம்பிள் வேண்டும். இரண்டாவது, எந்த நாள் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்று உற்பத்திப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் முதலில் ஒரு சின்ன ஆர்டர். ஒத்துப்போகாவிட்டால் அத்தோடு சரி.

உற்பத்திப் பொறுப்பாளர் நான்தான். அவனுடைய ஜப்பான் என் கையெழுத்தில் வந்து நின்றது.

பக்கத்து இறால் கம்பெனி முதலாளி ரொம்ப காலமாக ஜப்பானுக்கு அனுப்புகிறவர். அண்ணாச்சி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவரிடம் போய்க் கேட்டோம்.

"அவங்க சத்தம் போட மாட்டாங்கம்மா. அதான் பயம்," என்றார். "நம்ம ஆளுன்னா சரக்கு சரியில்லன்னா ஏசுவான், நாமளும் ஏசலாம், முடிஞ்சிரும். அவங்க நன்றின்னு ஒரு கடுதாசி போடுவாங்க. அதுக்குப் பொறவு ஒண்ணுமே வராது. ஏன் வரலைன்னு நாம சாகுந்தட்டியும் யோசிச்சிக்கிட்டே இருக்கணும்."

எனக்கு அந்தப் பயம் இல்லை. என் கவலை வேறு. கோடையில் இருக்கிற ஒரே இயந்திரத்தை ஜப்பானுக்கு ஓட்டினால் நம்முடைய கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? பத்து வருடமாக நம்மிடம் வாங்குகிறவர்களின் பெட்டி காலியாகக் கிடக்கும். அதைத் தம்பியிடம் நேராகவே சொன்னேன். பிறகு, அந்த அம்மாவின் பேச்சை மொழிபெயர்க்கிற சென்னைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். ஜப்பான் மொழி படித்த பெண். தன்மையாகப் பேசுவாள்.

"எந்த மாசத்துல வேணும்னு கேட்டுச் சொல்லுமா," என்றேன்.

மறுநாள் பதில் வந்தது. "நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மேடம்."

"நல்லாக் கேட்டியா? அது அவங்களுக்குக் குளிர்காலம்லா?"

"ஆமா மேடம். குளிர்காலத்துல வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டுட்டு உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவாங்களாம். அப்போ கருப்பட்டி மாதிரி கனமான ருசி நல்லா விற்கும்னு சொல்றாங்க."

இந்த ஊரில் நவம்பரில் நாலு தூறல் விழுந்தால் போதும், சளி பிடிக்கும் என்று ஒருத்தரும் ஐஸ்கிரீமைத் தொடமாட்டார்கள். மழை மாதங்களில் இயந்திரம் பாதி நாள் சும்மாதான் கிடக்கும். ஆட்களை உட்காரவைத்துக் கப்பை எண்ணச் சொல்லிக்கொண்டிருப்பேன். நமக்கு வேலை இல்லாத மாதத்தில் அவர்களுக்கு வேண்டும் என்றால் யாருக்கும் குறை இல்லை. அன்றைக்குத்தான் எனக்கும் ஆசை வந்தது. தம்பியிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"சாம்பிள் போட்டுப் பாப்போம்," என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு மூன்று தரம் தேநீர் குடித்தான்.

எங்கள் கருப்பட்டி ஐஸ்கிரீமில் மந்திரம் ஒன்றும் கிடையாது. கருப்பட்டி உடன்குடியில் ஒரே வியாபாரியிடம் வாங்குகிறோம். பனையோலையில் பொதிந்து சிப்பமாக வரும். சீனி கலக்காத சரக்கு. ஆனால் கருப்பட்டி ஒரு நாளும் ஒரே மாதிரி இருக்காது. மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் மாறும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அது ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் ருசி மாறும். அதனால் போன வருடத்துப் பழையதும் இந்த வருடத்துப் புதியதும் பாதிப் பாதியாகக் கலந்து போடுவேன். உடைத்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மணலும் சுண்ணாம்பும் அடியில் தங்கியபிறகு பாகாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு பாலில் ஊற்றினால் பால் திரிந்துவிடும். அப்புறம் சுக்கு, ஏலக்காய், ஒரு துளி உப்பு. அளவெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குள் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் என்ன போட்டோம், பாகு எவ்வளவு நேரம் காய்ந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம் ஒரே வாரத்தில் மூன்று நாள் சாம்பிள் போட்டோம். திங்கள், புதன், வெள்ளி. உலர் பனிக்கட்டி வைத்த பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்பினோம். தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது தம்பி அதைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான்.

ஒரு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு கடிதம் வந்தது. இறால் அண்ணாச்சி சொன்னபடியே மரியாதையான கடிதம். நன்றி சொல்லியிருந்தார்கள். மூன்று சாம்பிளும் மூன்று விதமாக இருப்பதாக எழுதியிருந்தார்கள். மூன்றில் ஒன்றுகூடக் கடையில் சாப்பிட்டது மாதிரி இல்லையாம். மூன்றாவது சாம்பிள் சரியாக உறையவே இல்லையாம். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இவற்றில் உங்கள் ஐஸ்கிரீம் எது?

தம்பி அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்தான். மூன்றாம் தரம் படிக்கப்போனான். "போதும்ல, காது கேக்கு," என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் இருந்தது. அந்த அம்மாவோடு போனில் முகம் பார்த்துப் பேச நாள் குறித்திருந்தார்கள்.

முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு இயந்திரம் நன்றாக இருக்கிறது என்றார். பாலைச் சந்தேகப்பட்டேன். பாலிலும் குற்றம் இல்லை. பிறகு உடன்குடி வியாபாரிக்குப் போன் போட்டேன். வயதானவர். என்னை டீச்சரம்மா என்பார்.

"அண்ணாச்சி, ஜூன் மாசம் அனுப்புன சரக்குல எதுவும் மாத்தம் உண்டா?"

"மாத்தமா? டீச்சரம்மா, அது எப்படி இருந்துதுன்னு நீங்கல்லா சொல்லணும்! ஜப்பானுக்குப் போவுதுன்னு தம்பி சொன்னாவ. நான் எங்க வீட்டுக்குன்னு எடுத்து வச்சிருந்த சிப்பத்த மேலாக வச்சி அனுப்புனேன். எம் மவளுக்குக்கூட அதக் கொடுக்கல."

முதல் நாள் சாம்பிளுக்கு மேலே இருந்த சிப்பத்தைத்தான் உடைத்திருக்கிறார்கள். நான் போட்ட கணக்கெல்லாம் வழக்கமான சரக்குக்கு. இது அதைவிட இனிப்பு, நிறமும் வெளிறல். அவரிடம் என்ன சொல்ல? "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு பல்லைக் கடித்தேன்.

அடுத்ததாகப் பாகு காய்ச்சுகிற பெண்ணைக் கூப்பிட்டேன். பெரியதாழைக்காரி, தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்து வந்தவள். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறாள். எனக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான்.

"ஏளா, உண்மையச் சொல்லு. புதன்கிழம என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுனேன்? தாளுல உள்ளபடி அளந்து போட்டேன்."

"அளந்து போட்டா?"

"அளந்து போட்டேன் டீச்சர். அதுக்குப் பொறவு ஒரு கை கருப்பட்டி கூடப் போட்டேன்."

"எதுக்குளா?"

"எதுக்கா? அந்தப் பொம்பள அம்புட்டு தூரத்துல இருந்து கேட்டு விட்டிருக்கா. விருந்தாளிக்கு யாராவது மட்டமா அளந்து வப்பாவளா? எங்க அம்ம கேட்டா என்னைய வெளக்குமாறால அடிப்பா. நீங்களுந்தான் கோயில் அசனத்துல சோறு வெளம்புதிய. அளந்தா வெளம்புதிய?"

எங்கள் ஊர்ச் சர்ச்சை நாங்கள் கோயில் என்போம்; அங்கே வருடா வருடம் அசனம் நடக்கும். சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. அதில் நான் பரிமாறியிருக்கிறேன். போதும் போதும் என்று கை மறிக்கிறவர் இலையில் இன்னும் ஒரு அகப்பை வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. எதிராளி சொல்வது நியாயமாக இருந்தால் நான் கத்துவேன். கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான். சத்தத்தைக் கேட்டு நின்றவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, நான் ஏலக்காய் மட்டுந்தான்."

"நீ என்னல பண்ணுன?"

"போடியில இருந்து நல்ல ஏலக்காய் வரவழச்சேன். பச்சப் பசேர்னு இருந்துச்சி. வியாழக்கிழம சாயங்காலம் பழைய டப்பால இருந்தத எடுத்துட்டு இதப் போட்டு வச்சேன்."

"யாருகிட்ட கேட்டுப் போட்ட?"

"உங்கிட்ட கேட்டா வேண்டாம்னு சொல்லுவ."

நோட்டை எடுத்து மேசையில் அடித்தேன். நான் எழுதி மாட்டின தாளை ஒருத்தரும் மதிக்கவில்லை, இது கம்பெனியா கல்யாண வீடா, மூன்று நாளும் மூன்று பேர் கை வைத்திருக்கிறீர்கள், எந்த மூஞ்சியோடு நான் கையெழுத்துப் போட்டேன் என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவள் அமைதியாக நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பக்கத்தைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"டீச்சர், இங்கன நேரம் எழுதலயே."

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தாள். அன்றைக்குப் பாகு காய்ச்சியது நான். எல்லா நாளும் பாகு காய்ந்த நேரம் எழுதியிருந்தது. அந்த நாளில் மட்டும் கட்டம் காலி. பக்கத்தில் என் கையெழுத்தில் "வழக்கம்போல்" என்று எழுதியிருந்தது.

வழக்கம்போல் இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அடுப்பை அணைக்கிற நேரம் வந்துவிட்டது. பாகு கம்பி பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கவேண்டும், நின்றது. இன்னும் கொஞ்சம் வற்றட்டும், நல்ல கெட்டியாக, மணமாக இருக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். எதற்காக என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் ஜப்பானுக்காக என்று சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் அதற்காகத்தான். வற்றிய பாகை அதே அளவு ஊற்றினால் இனிப்பு கூடிவிடும். இனிப்பு கூடினால் ஐஸ்கிரீம் இறுகாது, இளகியே கிடக்கும். இதை நானே பத்துப் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். உறையவே இல்லை என்று அவர்கள் எழுதின மூன்றாவது சாம்பிள் என்னுடையது.

"நாந்தான்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நோட்டை மூடிவைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். போகும்போது தம்பியிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "எங்கள ஏசுன ஏச்சுல பாதியையாவது டீச்சர் திருப்பி எடுத்துக்கிடுவாவளா அண்ணாச்சி?" நான் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவளுக்குத் தேநீர் நான் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்கு வரும்.

பேச வேண்டிய நாள் வந்தது. தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, விமானத்துல கொண்டுபோகும்போது உருகித் திரும்ப உறைஞ்சிருக்கும்னு சொல்லிருவோம். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா. பொய் சொல்லி ஆர்டர் வாங்குன பொறவு, ஒவ்வொரு பெட்டிக்கும் நாந்தான கையெழுத்துப் போடணும்? நான் பேசுதேன். நீ சும்மா இரி."

அவன் சும்மா இருந்தான். அவன் கை மேசைக்கு அடியில் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் கேட்டில் நின்று லாரி பார்த்தவனுடைய காரியத்தை நான் கெடுத்துவிட்டு, அதை என் வாயாலேயே சொல்லி முடிக்கப் போகிறேன்.

திரையில் அந்த அம்மா வந்தார். முடியைக் குட்டையாக வெட்டின, என் வயதுப் பெண். பக்கத்துக் கட்டத்தில் சென்னைப் பெண். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அவங்ககிட்ட சொல்லுமா. மூணுல எதுவும் எங்க ஐஸ்கிரீம் இல்ல. கடையில சாப்பிட்டாங்கல்லா, அதுதான் எங்களுது. அது யாருக்குன்னும் தெரியாமப் போட்டது. இது அவங்களுக்குன்னு தெரிஞ்சி போட்டது. கருப்பட்டி கொடுக்கவரு நல்லதா இருக்கட்டும்னு வேற கொடுத்துட்டாரு. பாகு காய்ச்சுத பொண்ணு ஒரு கை கூடப் போட்டுட்டா. என் தம்பி ஏலக்காய மாத்திட்டான். மூணாவது நாள் நானே பாகை அதிகமா வத்த வச்சிட்டேன். தாளுல கையெழுத்துப் போட்டதும் நாந்தான். அந்தக் கையெழுத்து தப்பு."

சென்னைப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அப்படியே சொல்லட்டுமா மேடம்?"

"ஒரு வார்த்த குறைக்காம சொல்லு."

அவள் சொன்னாள். நான் பேசினதைவிட நீளமாக இருந்தது. அந்த அம்மா அசையாமல் கேட்டார். ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு சின்னதாக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஐஸ்கிரீம் இப்போ எந்தெந்த ஊர்க் கடைகள்ல இருக்குன்னு கேக்கறாங்க மேடம்."

சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னதை அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: "நீங்க எதையும் புதுசா செய்ய வேண்டாமாம். ஒண்ணுக்கொண்ணு தூரமா இருக்கற மூணு ஊர்ல, கடைப் பெட்டியில என்ன கிடக்கோ அதை வாங்கி அனுப்பச் சொல்றாங்க. எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாமாம். கடைக்காரருக்கும் தெரிய வேண்டாமாம்."

மறுநாள் நானும் தம்பியும் ஐஸ் பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். தம்பியைக் கடைக்காரர்களுக்குத் தெரியும் என்பதால் அவனைக் காரைவிட்டு இறங்க விடவில்லை. கயத்தாறில் பேக்கரிப் பையன்கள் கப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்கள். உடன்குடியிலும் ஒரு தொல்லையும் இல்லை. பெரியதாழையில் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா வெளியூரோ?"

"ஆமா. ஒரு கருப்பட்டி ஐஸ் கொடுங்க."

மேலே கிடந்ததை எடுக்கக் கை நீட்டினேன். அவர் மறித்தார். "அது வேண்டாம், மேல உள்ளது இளகிக் கெடக்கும். அடியில நல்லதா கெடக்கு, இருங்க." பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டார்.

இந்தக் கடற்கரையில் ஒரு ஆளிடம்கூட ஒரு சாமானைச் சும்மா வாங்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அடியில உள்ளது வேண்டாம் அண்ணாச்சி. மேல உள்ளதே எனக்குப் போதும்," என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

"ராத்திரி பெட்டிய நிறுத்திருவியளோ?" என்று கேட்டேன்.

"ஆள் இல்லாத கடைக்கு எதுக்கும்மா கரண்டு? காலையில போட்டா உறைஞ்சிருது."

இளகித் திரும்ப உறைந்தால் மணல் மாதிரி ஐஸ் துகள் கட்டும். அவரிடம் ஒரு பாடம் எடுக்கலாம் என்று வாய் வந்தது. அடக்கிக்கொண்டு காருக்கு வந்தேன். தம்பி கப்பை வாங்கி அமுக்கிப் பார்த்தான்.

"அக்கா, இது தேறாது. இன்னொரு கடையில வாங்குவோமா?"

எனக்கும் அதுதான் தோன்றியது. பக்கத்துத் தெருவிலேயே இன்னொரு கடை இருந்தது. கடல் பக்கம் படகுகள் கரையேறிக் கிடந்தன.

"பெட்டியில வையி," என்றேன். வைத்தான்.

ஆகஸ்டு கடைசியில் பதில் வந்தது. மூன்று கப்பிலும் ருசி ஒன்றுதான், கடையில் சாப்பிட்டதும் இதுதான் என்று எழுதியிருந்தார்கள். ஒன்றில் மட்டும் ஐஸ் துகள் இருக்கிறது, காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். கடைக்காரர் இரவில் பெட்டியை நிறுத்திவிடுகிறார் என்று எழுதி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து ஆர்டர் வந்தது. சின்ன ஆர்டர்தான். நவம்பரில் ஒரு தரம் செய்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறோம் என்றிருந்தது. தம்பி அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். அன்றைக்குத் தேநீர் டம்ளர் இல்லாமல் போனான்.

அக்டோபரில் உடன்குடியிலிருந்து சரக்கு வந்தது. மேலாக ஒரு சிப்பம் தனியாகச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை மட்டும் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"டீச்சரம்மா, திருப்பி அனுப்பிட்டியளே. எதுவும் குத்தமா?"

"குத்தம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அது ரொம்ப நல்ல சரக்கு. எங்களுக்கு வழக்கமா வார சரக்குதான் வேணும்."

"தூரதேசத்துக்குப் போவுது. வழக்கமா வாரதயா கொடுப்பிய?"

"ஆமா. அதத்தான் அவங்க கேட்டிருக்காங்க."

"கொடுத்தத வாங்காம விட்ட வீடு இதுவரைக்கும் எனக்கு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன்பிறகு சரக்கு தவறாமல் வருகிறது. தரத்திலும் குறை இல்லை. ஆனால் போனில் அவர் மகன்தான் பேசுகிறான். நேரில் போய்ச் சமாதானம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சமாதானம் பேசத் தெரியாது. போனால் இன்னும் கெடுத்துவிட்டு வருவேன் என்று போகவில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

நவம்பரில் முதல் நாள் காலையில் நல்ல மழை. துறைமுகச் சாலையில் தண்ணீர் நின்றது. பாகு காய்ச்சுகிற இடத்தில் தம்பி, நான், பெரியதாழைக்காரி, மூன்று பேரும் நின்றோம். ஏலக்காய் பழைய டப்பாவில் இருந்தது. அவள் கருப்பட்டியைத் தராசில் அளந்து அண்டாவில் போட்டாள். போட்டு முடித்தபிறகும் அவள் வலது கை மூட்டைக்குள்ளேயே இருந்தது.

"ஏளா, கைய எடு."

எடுத்தாள். விரித்துக் காட்டினாள். ஒரு துண்டு இருந்தது. மூட்டைக்குள் திருப்பிப் போட்டாள். "சும்மா பிடிச்சிருந்தேன்," என்றாள்.

பாகு பதம் வந்தது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மணி பார்த்து அவளே அடுப்பை அணைத்தாள். நோட்டில் நேரத்தை அவளே எழுதினாள். நான் எழுத நோட்டைக் கேட்டபோது தரவில்லை.

மத்தியானம் கப்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்து மூன்று கரண்டி போட்டோம். தம்பி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். அவள் கரண்டியை நக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது முகம்.

"இதுல என்ன டீச்சர் இருக்கு? நம்ம கட ஐஸ்தான இது."

"ஆமாளா," என்றேன். "மூடியப் போடு."